ஏற்காட்டு மலை நிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியிருப்பது மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில். அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் மேலே நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. வாரத்தில் பாதி கீழே, பாதி மேலே. அதனால் உறவுக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடலாமா என்று யோசிப்பவர்கள், யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். படகுச் சவாரி, தங்கும் விடுதி, மலர்க் கண்காட்சி பற்றி இங்கே ஒன்றும் இல்லை. இது மண்ணையும் மரத்தையும் தண்ணீரையும் பற்றியது.

சேர்வராயன் மலையும் ஏற்காடும் ஒன்றா?

இல்லை. மலைக்கூட்டம் மொத்தத்துக்கும் பெயர் சேர்வராயன் மலை. ஏற்காடு அதன் மேலே, தென்பகுதியில், ஏரியைச் சுற்றி அமைந்த ஊர். பேச்சில் நாங்களே ‘ஏற்காடு மலை’ என்று சொல்லிவிடுவோம், அது வேறு. ஏற்காடு வட்டம் கிட்டத்தட்ட இந்த மலை முழுவதையும் உள்ளடக்கியது. பரப்பு சுமார் 380 சதுர கிலோமீட்டர். ஏற்காடு, நாகலூர், வேலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வாழவந்தி என்று ஒன்பது ஊராட்சிகள். இதில் வேலூர் என்றதும் கோட்டை இருக்கும் வேலூரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2011 கணக்கெடுப்பின்படி வட்டம் முழுக்க 40,000-க்குச் சற்று மேல்தான் மக்கள். சனி, ஞாயிறு வந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

இது கிழக்குத் தொடர்ச்சி மலைதானே?

ஆமாம், ஆனால் ‘தொடர்ச்சி’ என்பது பெயரில் மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீண்டு கிடக்கும். இந்தப் பக்கத்து மலைகள் உடைந்து உடைந்து, தனித்தனித் திட்டுகளாக நிற்கும். சேர்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் மஞ்சவாடி கணவாய். அதன் வழியாகத்தான் சேலத்திலிருந்து அரூர் போகிற சாலை. மேற்கே தொப்பூர் கணவாய், தருமபுரி போகிற நெடுஞ்சாலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால் டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடி என்று வரும்போது வலப்பக்கம் கூடவே வருவது இதே மலையின் மேற்கு முகம். ஊட்டியைப் போல அடுக்கடுக்கான மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஊர் இல்லை இது. நாலு பக்கமும் வெயிற்காடு, அதாவது வெயில் காயும் சமவெளி; நடுவில் எழும்பி நிற்கிற ஒற்றை மேடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எவ்வளவு உயரம்? கீழுக்கும் மேலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல. ஏற்காடு ஊர் 1,500 மீட்டரை ஒட்டி. சேர்வராயன் கோவில் இருக்கிற உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் சேலத்தில் 38 டிகிரி அடிக்கும் நாளில் மேலே 30. கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டு ஏறுகிறவர், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, முக்கால் மணி நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு இறங்குவார். மழையும் அப்படித்தான். சேலத்தில் வருடத்துக்கு 90, 100 சென்டிமீட்டர் பெய்தால் மேலே 150 பெய்யும்.

மலையில் எந்த இடத்தில் என்ன விளையும்?

இதற்கு வரைபடம் வேண்டாம். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் போதும்.

அடிவாரத்தில் கரடு. சேலத்துக்காரர்களுக்குக் கரடு என்றால் பாறையும் முள்ளும் நிறைந்த சின்னக் குன்று. காடு என்றால் மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் வேட்டைக்கு அல்ல, களை எடுக்க. அடிவாரத்துக் காடுகளில் மரவள்ளி, சோளம், நிலக்கடலை. குப்பனூர், வரகம்பாடிப் பக்கம் மாந்தோப்பு. சேலத்து மாம்பழம் என்று ஊரெல்லாம் பேசுகிறதே, அதில் நல்ல பங்கு மலையின் காலடியில் காய்ப்பது.

அதற்கு மேலே சரிவு. செங்குத்தாக இருப்பதால் யாரும் பயிர் வைக்க முடியாது. பெரும்பகுதி காப்புக்காடு. மூங்கில், வறண்ட இலையுதிர் மரங்கள், அங்கங்கே சந்தனம், நடுவில் எங்கே பார்த்தாலும் உண்ணிச்செடி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பகுதி காய்ந்து சருகாகிக் கிடக்கும். ராத்திரி கன்னங்குறிச்சி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலையில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். காட்டுத்தீ.

900 மீட்டர் தாண்டியதும் நிறம் மாறும். சில்வர் ஓக் மரங்கள் நேராக நிற்க, அதன்மேல் மிளகுக்கொடி, கீழே காப்பி. இந்தப் பட்டை 1,500 மீட்டர் வரை. மலையின் பணம் இங்கேதான். இதற்கும் மேலே, உச்சி மேட்டில், புல்வெளியும் செம்பாறையும் காற்றும். அங்கே மரம் கூட குனிந்துதான் வளரும்.

உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் இந்த அடுக்கு கொஞ்சம் கலையும். சரிவை ஒட்டிய நிலங்களில் சாமை, ராகி, தினை, பள்ளத்தில் கொஞ்சம் நெல். காப்பிக்குக் காசு வரத் தொடங்கிய பிறகு சாமை விதைப்பது குறைந்துகொண்டே போகிறது. சாமைச் சோறு இப்போது விடுதி உணவுப் பட்டியலில் விலை போட்டு விற்கிற பண்டமாகிவிட்டது. எங்கள் பாட்டி கேட்டால் சிரிப்பார்.

காப்பி இங்கே எப்படி வந்தது?

1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காப்பி பயிரிடத் தொடங்கியவர் என்று சொல்வது வழக்கம். காப்பியோடு பேரி, ஆப்பிள் எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார். பேரிக்காய் நின்றது, ஆப்பிள் நிற்கவில்லை. அவர் கட்டிய கிரேஞ்ச் பங்களா இன்னும் இருக்கிறது. அவரை ‘ஏற்காட்டின் தந்தை’ என்பார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் ஒரு சங்கடம்: அவர் வரும் முன்னே இங்கே ஊர்கள் இருந்தன, விதைத்தார்கள், அறுத்தார்கள். தோட்டத்தின் தந்தை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே இருப்பது பெரும்பாலும் அராபிகா என்ற காப்பி வகை. இன்னொரு வகையான ரோபஸ்டாவுக்கு இந்தக் குளிர் ஆகாது. எஸ்.795, காவேரி, செலக்‌ஷன் 9 என்ற ரகங்கள் பரவலாக உண்டு. குடகு, சிக்மகளூர் அளவுக்கு மழை இல்லாததால் இங்கே மகசூல் குறைவு, வேலை அதிகம். அதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

காப்பிக்கு ஏன் மரநிழல்? வெட்டிவிட்டால் வெயில் பட்டு நிறையக் காய்க்காதா?

நானும் இப்படித்தான் நினைத்தேன். தோட்டம் கைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு ஓரத்தில் பலாவும் அத்தியும் அடர்ந்து கிடந்தது என்று நான்கு மரங்களுக்குக் கிளை மொத்தமும் கழித்துவிட்டேன். அடுத்த வருடம் அந்த ஓரம் அப்படியே குலுங்கிக் காய்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். ‘இந்த வருசம் சிரி, அடுத்த வருசம் வந்து பாக்கறேன்’ என்று போய்விட்டார். அவர் சொன்னது பலித்தது. இலை மஞ்சளித்து, செடி வாடி, தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே சுரங்கம்.

வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அது. வெயில் விழும் தண்டைத் தேடித்தான் முட்டை வைக்கும். அராபிகாவின் முதல் எதிரி. ஏப்ரல், மே ஒரு முறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மறுமுறை பறக்கும். தாக்கிய செடியைக் காப்பாற்ற வழி கிடையாது. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அறுபதுக்கு மேல் பிடுங்கினேன். எரித்த இடத்தில் இப்போது கல்யாண முருங்கை நிற்கிறது.

எனவே நிழல் என்பது இங்கே அலங்காரம் இல்லை. இரண்டு அடுக்காக வைப்போம். மேலே பலா, அத்தி, சில்வர் ஓக். அதற்குக் கீழே சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் கல்யாண முருங்கை. மழைக்கு முன்னால் கிளை கழிப்போம், வெயிலுக்கு முன்னால் விட்டுவிடுவோம்.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நேராக வளரும், மிளகு ஏற்றலாம், விற்கவும் விற்கலாம். அதனால்தான் நாட்டு மரங்கள் இருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. கணக்குப் போட்டால் சில்வர் ஓக் லாபம்தான். ஆனால் அதன் அடியில் பறவை குறைவு, சருகு மக்கவும் நாளாகும். என் தோட்டத்தில் பாதிக்குப் பாதி என்று நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடத்தில் தோட்டத்தில் என்னென்ன வேலை?

மார்ச், ஏப்ரலில் தொடங்குவோம், ஏனென்றால் காப்பியின் வருடம் அப்போதுதான் தொடங்குகிறது. செடியில் மொட்டு கட்டி, காத்துக்கொண்டிருக்கும். ஒரு அங்குலம் மழை விழ வேண்டும். அதற்குப் பெயர் பூமழை. மழை விழுந்த ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகிக் கொட்டிவிடும். பூத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால் பிஞ்சு நிற்கும். பூமழை பாதி விழுந்து பாதியில் நின்றால் அந்த வருடம் கெட்டது. மொட்டு மலராமலே கருகும். ‘பூமழை ஆச்சா?’ என்பதுதான் ஏப்ரலில் இங்கே ஒருவரை ஒருவர் விசாரிக்கிற முதல் பேச்சு. சௌக்கியமா என்பது இரண்டாவது.

கிணறும் மோட்டாரும் உள்ள பெரிய எஸ்டேட்டுகள் தண்ணீர் தெளித்தே பூக்க வைத்துவிடுவார்கள். என்னைப் போன்றவர்கள் வானத்தைப் பார்ப்போம்.

ஜூனிலிருந்து உரம், களை, புது நாற்று நடுவது. உயரமாக வளரும் ரகத்துக்கு ஆறுக்கு ஆறு அடி விட்டால் ஏக்கருக்கு 1,200 செடி பிடிக்கும். காய் முற்றிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். நவம்பரில் பழம் எடுக்கத் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை இழுக்கும். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் இருக்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். உருவிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், காப்பியில் புல் வாசம் வரும்.

பறித்த அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோல் உரித்து, தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவிட்டுக் கழுவி, களத்தில் காயப்போட வேண்டும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். இதில் பெரிய சோதனை என்னவென்றால், நாங்கள் பழம் எடுக்கிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் ஒன்றாக வரும். கர்நாடகத்துக்காரர்களுக்கு அந்த நேரத்தில் வானம் வெறிச்சோடி இருக்கும். எங்களுக்குக் களத்தில் பரப்பினால் மேகம், மூடினால் வெயில். தார்ப்பாயைப் போடுவதும் எடுப்பதுமாக மூன்று வாரம் போகும். அதற்காகவே பலர் பழத்தை மூட்டை கட்டிக் கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் களம் வாடகைக்குப் பிடித்து உலர்த்துகிறார்கள். சிலர் பழமாகவே விற்றுவிடுகிறார்கள். இந்த வருடத்திலிருந்து நான் இரண்டாவது வகை, உடம்புக்கு முடியாததால்.

மிளகு ஜனவரிக்கு மேல். ஒற்றை மூங்கில் ஏணியில் நாற்பது அடி ஏற ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம்.

ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சு எங்கே போனது?

அம்பது வயதைத் தாண்டியவர்கள் மட்டும் கேட்கிற கேள்வி. முன்பு காப்பிக்கு நடுவே எங்கே பார்த்தாலும் கமலா ஆரஞ்சு நின்றது. இலை மஞ்சளித்து, காய் சிறுத்து, மரம் மெல்லச் சாகிற ‘கிரீனிங்’ நோய் பரவி அழிந்தது. சின்னச் சாறு உறிஞ்சும் பூச்சி ஒன்று மரத்துக்கு மரம் நோயைக் கொண்டுபோகும். வந்த மரத்துக்கு மருந்து இல்லை. இப்போதும் அங்கங்கே உண்டு, ஆனால் சாலையோரக் கடையில் கூடை கூடையாக அடுக்கியிருப்பதில் எத்தனை இங்கே காய்த்தது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த இடத்தை இன்று பட்டர் ஃப்ரூட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மலையில் இருக்கும் மலையாளிகள் கேரளாவிலிருந்து வந்தவர்களா?

இல்லை. மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் மலையாளி. தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று இந்தப் பக்கத்து மலைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். ஏற்காடு வட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு; ஒன்று ஏற்காடு, மற்றது சேந்தமங்கலம்.

நிலக் கணக்கில் இது முக்கியம். பெரிய எஸ்டேட்டுகள் ஊரை ஒட்டியும் சாலையை ஒட்டியும் இருக்கும். மலையாளிகளின் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலங்கள் உள்ளே தள்ளிய ஊர்களில், சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கும். மேலே கூலிக்குப் பழம் எடுக்க வருகிற பெண்ணுக்குத் தன் ஊரில் சொந்தமாகக் காப்பிச் செடி இருக்கும், அதைப் பறிக்க நேரம் இருக்காது.

இங்கே பெய்யும் மழை எங்கே போகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. யாராவது கேட்டால் உட்கார வைத்துச் சொல்வேன்.

ஊர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கிளியூர் அருவி. மழை இல்லாத மாதத்தில் அருவி பார்க்க வந்து பாறையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏரியை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

தெற்குச் சரிவில் விழும் தண்ணீர் திருமணிமுத்தாறாகிச் சேலம் நகருக்குள் வருகிறது. வருகிற வழியில் ஊர் அதற்கு என்ன செய்கிறது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சரிவில் விழுவது சரபங்கா நதியாகி ஓமலூர் வழியாகப் போகிறது. இரண்டும் காவிரியில் சேரும். வடக்குச் சரிவில் விழுவதோ வாணியாறு. தருமபுரி மாவட்டத்தில் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் நின்று, பிறகு தென்பெண்ணையோடு சேர்கிறது.

அதாவது இந்த மேட்டின் மேல் ஒரு கல் கிடக்கிறது என்று வையுங்கள். அதன் இந்தப் பக்கம் விழும் துளி பூம்புகாரில் கடலைப் பார்க்கும், அந்தப் பக்கம் விழும் துளி கடலூரில் பார்க்கும். சேர்வராயன் கோவில் குகைக்குள் சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். குகை போகிறதோ இல்லையோ, தண்ணீர் போகிறது.

அடிவாரத்துக் கன்னங்குறிச்சிப் புது ஏரியும் மூக்கனேரியும் மலைத்தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மூக்கனேரி ஒரு காலத்தில் குப்பைமேடு. 2010 வாக்கில் ஊர் மக்களே இறங்கித் தூர்வாரி, எடுத்த மண்ணைத் தீவு தீவாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் தீவுகளில் கொக்கும் நாரையும் அடைகின்றன.

இவ்வளவு மழை பெய்தும் கோடையில் மேலே ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

உயரத்தில் இருப்பதால்தான். விழுந்த தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அடியில் இருப்பது சார்னோகைட் என்ற இறுகிய கரும்பாறை. ஆழ்துளைக் கிணறு போட்டால் வெடிப்பு அகப்பட்டால் உண்டு, இல்லையென்றால் பணம் போனது போனதுதான். பாறைக்கு மேல் இருக்கும் மண்ணும் உச்சியில் இருக்கும் செம்பாறையும்தான் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுனைகளில் விடுகின்றன. மண்ணை வெட்டி மனை போடும்போது அந்தப் பஞ்சைத்தான் வெட்டுகிறோம்.

மலையில் சுரங்கம் இருந்ததா?

இருந்தது. உச்சி மேட்டின் செம்பாறைக்குள் பாக்சைட் உண்டு. பல லட்சம் ஆண்டு மழையில் பாறையின் மற்றச் சத்துகள் கரைந்து ஓட, அலுமினியச் சத்து மட்டும் தங்கியது. சேர்வராயன் கோவிலுக்குப் பக்கத்து மேட்டில் வெட்டி, லாரியில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 2008-இல் அந்த ஆலை அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது. வெட்டிய தழும்பு மேட்டில் இன்னும் தெரியும்.

அடிவாரத்தில் வேறு கதை. ஏற்காடு போகும்போது கீழே வெள்ளை வெளேரென்று மண்மேடுகள் தெரிகின்றனவே, அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். நாங்கள் வெள்ளைக்கல் என்போம். உருக்காலை உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய இது வேண்டும், தீயைத் தாங்கும். மேலே சிவப்புக் கல், கீழே வெள்ளைக் கல், நடுவில் காப்பி.

இங்கே மட்டுமே இருக்கிற உயிர்கள் ஏதாவது உண்டா?

உண்டு. சுற்றிலும் வெயிற்காடு, நடுவில் குளிர் மேடு என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதன் பலன் இது. மேட்டில் இருப்பவை இறங்கவும் முடியாமல் வேறு மேட்டுக்குத் தாவவும் முடியாமல் தனியாகிவிட்டன. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் இருக்கிறது. 2000-இல் விவரிக்கப்பட்ட ஒரு சின்னப் பாறைப்பல்லிக்கு யெர்காடென்சிஸ் என்று பெயர். சுவரில் ஓடும் பல்லி மாதிரி இருக்கும், ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் வரை யாரும் கவனிக்கவில்லை.

பெரிய மிருகம் என்றால் காட்டெருமை. கொஞ்ச வருடங்களாகத் தோட்டங்களுக்குள்ளேயே மேய்கின்றன. படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அவை பார்ப்பதற்குத்தான் மாடு.

ஏற்காட்டில் நிலம் வாங்கலாமா?

இதைக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நிலம் கேட்கவில்லை, மனை கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் நீளமாக இருக்கும்.

முதலில் என்ன வகை நிலம் என்று பாருங்கள். பட்டா, புறம்போக்கு, காப்புக்காடு மூன்றும் இங்கே ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடக்கும். ‘காட்டை ஒட்டிய அமைதியான இடம்’ என்றால், எல்லைக்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். நிபந்தனையோடு வழங்கப்பட்ட பட்டாக்கள் உண்டு. அவற்றை இஷ்டத்துக்கு விற்க முடியாது. சிட்டாவை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காமல், புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு நடந்து பாருங்கள். ஒரு நாள் மெனக்கெடல்தான்.

இரண்டாவது, ஏற்காடு வட்டம் ஹாக்கா எல்லைக்குள் வருகிறது. மலையிடங்களைப் பாதுகாக்கும் ஆணையம் அது. கட்டடம், மனைப்பிரிவு எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதைவிடக் கூடுதல் அனுமதி வேண்டும். சொந்த நிலத்து மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தரகர்கள் இதையெல்லாம் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்ற ஒற்றை வரியில் முடிப்பார்கள். என் சித்தப்பா மகன் அந்த வரியை நம்பி முன்பணம் கொடுத்தான். ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவது தண்ணீர். மே மாதம் வந்து பாருங்கள். டிசம்பரில் எல்லா நிலத்திலும் ஓடை இருக்கும்.

தோட்டமாக வாங்கி, தோட்டமாகவே வைத்திருக்க வருகிறவர்களை நான் தடுப்பதில்லை. கிடைக்கிற வருமானத்தில் வங்கி வட்டி கட்ட முடியாது என்பதை மட்டும் சொல்லிவிடுவேன்.

மழைக்காலத்தில் சாலை சரிகிறதே, ஏன்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மிச்சம் வைத்த மழை ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கொண்டை ஊசி வளைவுப் பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து போக்குவரத்து நின்றது. செங்குத்தான சரிவை வெட்டித்தான் சாலை போட முடியும். வெட்டிய முகத்தில் மண் ஊறினால் பாறை மேல் வழுக்கும். தண்ணீர் வடிகிற ஓடையை அடைத்து மேலே கட்டடம் கட்டினால் அது வேறு வழி தேடும். அந்த வழி பெரும்பாலும் சாலையாக இருக்கும். மாற்றுப்பாதையாகக் குப்பனூர் வழி இருக்கிறதே என்று நினைப்போம். பெருமழையில் அதுவும் சரியும்.

ஊர்ப் பெயர்களுக்கு ஏதாவது பொருள் உண்டா?

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பது எல்லாரும் சொல்வது. மற்றவை இன்னும் நேராகவே பேசும். தலைச்சோலை என்றால் அங்கே சோலை இருந்தது. மஞ்சக்குட்டையில் குட்டை. செம்மநத்தத்தில் நத்தம், அதாவது பழைய குடியிருப்பு. கரடியூரில் கரடி இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது. ஒண்டிக்கடை மட்டும் பொய்யாகிவிட்டது. ஒரே ஒரு கடை இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். இப்போது எண்ணி முடியாது.

நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எப்போது, எப்படி வருவது?

ஏரிக்கரையிலிருந்து நாகலூர்ப் பக்கமாகச் சுற்றிவரும் வட்டச்சாலை சுமார் 32 கிலோமீட்டர். அதில் வாருங்கள், முடிந்தால் வார நாளில். பூ பார்க்க மார்ச், ஏப்ரல், அதுவும் மழை விழுந்து எட்டு நாள் எண்ணிக்கொண்டு. பழம் பார்க்க டிசம்பர். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தால் மேலே மிதிக்காதீர்கள். போன வருடம் ஒரு குடும்பம் அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டது. மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது, தார்ப்பாயை நான் ஒருவனாக இழுத்துக்கொண்டிருந்தேன்.